“லொறியைக் காணவே இல்லை”: இரவுக் காவல் முடித்துச் சைக்கிளில் வீடு திரும்பும் ஒருவருக்கு

இந்த வாரக் கடிதம் திருகோணமலை உப்புவெளியிலிருந்து வந்திருக்கிறது. அப்பா சொல்லச் சொல்ல மகள் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு வயது 61. முன்பு மேசன் வேலை. முழங்கால் நோவு வந்தபின் அதை விட்டுவிட்டு, நான்கு வருடமாக நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் இரவுக் காவல் பார்க்கிறார். மாலை ஆறு மணி தொடக்கம் காலை ஆறு மணிவரை, கிழமைக்கு ஆறு இரவு. போக வர இருபது கிலோமீற்றர் சைக்கிள் மிதிக்கிறார். ஒன்பது வருடமாக நீரிழிவு உண்டு. கிளினிக்கில் மெற்போமினும் கிளிக்லசைட்டும் கொடுக்கிறார்கள். இரண்டு வருடமாக அஸ்பிரினும் சேர்ந்திருக்கிறது.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை விடியற்காலை, சாம்பல்தீவுப் பாலத்தைத் தாண்டும்போது அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கைகால் பதறி, சைக்கிள் தன்பாட்டில் நடுவீதிக்குப் போய்விட்டது. பின்னால் வந்த வான் ஹோர்ன் அடித்து மயிரிழையில் விலகிப் போனது. கடை திறந்துகொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து, கையைப் பிடித்து வாங்கில் இருத்தி, ஒரு பிளேன்ரீ போட்டுக் கொடுத்தார். குடித்துக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் தெளிந்துவிட்டது. முதல்நாள் வெள்ளிக்கிழமை விரதம் என்பதால் பித்தம் ஏறியிருக்கும் என்று அதை விட்டுவிட்டார்.

இரண்டாவது சம்பவம் நடந்து மூன்று கிழமை ஆகிறது. தும்மல் தாங்காமல் இரவில் இரண்டு பிரிட்டன் குளிசை போட்டிருக்கிறார். காலையில் வரும் வழியில், ஓரமாக நிறுத்தியிருந்த லொறியின் பின்பக்கத்தில் நேரே போய் மோதி விழுந்துவிட்டார். “லொறியைக் காணவே இல்லை, டொக்டர்” என்று இரண்டு இடத்தில் சொல்லியிருக்கிறார். நெற்றிப் பக்கம் புடைத்திருக்கிறது. ஒத்தடம் கொடுத்துவிட்டு மறுநாள் இரவே வேலைக்குப் போயிருக்கிறார்.

வேலையை விட்டுவிடச் சொல்கிறார் மனைவி. கட்டாரில் இருக்கும் மகன் ஸ்கூட்டர் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இவர் கேட்பது இதுதான்: “பழகிய வீதி. இனிக் கவனமாக ஓட்டினால் போதும்தானே? நித்திரை வராமல் இருக்க வெற்றிலை போடுகிறேன், காதில் பாட்டு மாட்டிக்கொள்கிறேன். வாகனம் வருவது கண்ணுக்குத் தெரியட்டும் என்று இப்போது வலப்பக்கமாக வருகிறேன். வேறு என்ன செய்யலாம்?”

கடிதத்தின் அடியில் மகள் தன்பங்குக்கு எழுதிய வரிகளையும் சொல்லத்தான் வேண்டும்: விழுந்த நாளிலிருந்து அப்பா தலையைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புகிறாராம். இந்தக் கிழமை இரண்டு தரம் பெயர் மாற்றிக் கூப்பிட்டாராம்.

ஐயா, மகள் உங்களுக்குத் தெரியாமல் எழுதியதை நான் வெளியே சொல்லிவிட்டேன் என்று அவரைக் கோபிக்காதீர்கள். முழுக் கடிதத்திலும் மிக அவசரமான செய்தி அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது. கடிதத்தில் தொலைபேசி இலக்கம் இருந்திருந்தால் இதை அச்சில் வரும்வரை வைத்திருக்க மாட்டேன்.

முதலில் தலைவலி

இதை வாசிக்கும் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வெளிநோயாளர் வரிசையிலும் நிற்க வேண்டாம். நேரே விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், “மூன்று கிழமைக்கு முன் தலை அடிபட்டது, அஸ்பிரின் குடிக்கிறேன், தினமும் தலைவலி, தடுமாற்றமும் இருக்கிறது” என்று இதே வரிசையில் சொல்லுங்கள். இந்த நான்கையும் சேர்த்துக் கேட்கும் எந்த வைத்தியரும் தலைக்கு சீ.ரி. ஸ்கான் பற்றி யோசிப்பார்.

காரணம் இதுதான். தலையில் அடிபட்டால் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே சிறிய இரத்தக் குழாய் ஒன்று கசியத் தொடங்கலாம். வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்குவதால் அந்த இடைவெளியில் கசியும் இரத்தம் உடனே அழுத்தம் கொடுப்பதில்லை. இரண்டு, மூன்று கிழமை கழித்துத்தான் தலைவலி, மந்தம், பெயர் மறத்தல், நடையில் தள்ளாட்டம் என்று வெளியே தெரியும். அஸ்பிரின் இரத்தம் உறைவதைக் குறைப்பதால் கசிவு நிற்கத் தாமதமாகிறது. “அன்றைக்கே ஒன்றும் ஆகவில்லை, இனி என்ன?” என்று நினைப்பது இந்த வகைக் கசிவில் சரிவராது. உங்களுக்கு இது இல்லாமலும் இருக்கலாம். இல்லை என்றே நானும் விரும்புகிறேன். ஆனால் இருந்தால், நேரத்துக்குக் கண்டுபிடித்து இரத்தத்தை வெளியே எடுத்துவிட்டால் பெரும்பாலானோர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

போகும்போது சைக்கிளில் போகாதீர்கள். வாந்தி, வலிப்பு, ஒரு பக்கக் கைகால் பலவீனம், எழுப்பியும் எழும்ப முடியாத உறக்கம் ஆகியவற்றில் ஏதாவது வந்தால் வாகனம் தேடி நேரத்தைப் போக்காமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் காசு இல்லை. அஸ்பிரினைத் தொடர்வதா, நிறுத்துவதா என்பதை அங்கேயே கேளுங்கள்; நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். ஸ்கான் பார்த்து முடிவு தெரியும்வரை சைக்கிளும் வேண்டாம், இரவு வேலையும் வேண்டாம்.

அந்தப் பிளேன்ரீ

சாம்பல்தீவுப் பாலத்தடியில் நடந்ததைப் பித்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். வியர்வை, பதற்றம், யோசனை குழம்புவது, சீனி போட்ட பிளேன்ரீ உள்ளே போனதும் தெளிவது: இதை வாசித்த உடனே எனக்குத் தோன்றியது இரத்தத்தில் சீனி குறைந்திருக்கிறது என்பதுதான். உங்கள் இரண்டு குளிசைகளில் மெற்போமின் தனியாக இதைச் செய்வது அரிது. கிளிக்லசைட் செய்யும். அது இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா, விரதமா என்று அது பார்ப்பதில்லை. அன்று வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஒரு நேரச் சோறு. வழக்கம்போலக் குளிசை. பிறகு இரவு முழுக்கத் தோட்டத்தையும் மதிலையும் சுற்றி நடை. விடிந்ததும் பத்துக் கிலோமீற்றர் மிதிக்கத் தொடங்கியபோது உடம்பில் மிச்சம் ஏதும் இருந்திருக்காது.

சீனி குறையும்போது முதலில் கெடுவது கவனம்தான். நமக்கு என்னவோ ஆகிறது என்று உணர வேண்டிய மூளைக்கே எரிபொருள் இல்லாமல் போகிறது. அதனால்தான் சைக்கிள் நடுவீதிக்குப் போனதே உங்களுக்குத் தெரியவில்லை. அதைக் கவனக்குறைவு என்று உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள். கவனித்தபடியே ஓட்ட அந்த நேரத்தில் எவராலும் முடியாது.

கிளினிக் வைத்தியரிடம் நீங்கள் இரவு வேலை செய்கிறீர்கள் என்று எப்போதாவது சொன்னதுண்டா? கடிதத்தைப் பார்த்தால் சொன்னதாகத் தெரியவில்லை. காலையில் எழும்பி இரவில் படுப்பவருக்கான நேரக் கணக்கில்தான் உங்களுக்கு மருந்து எழுதப்பட்டிருக்கும். அளவையோ நேரத்தையோ அவர் மாற்ற வேண்டிவரலாம். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் சீனி ஏறும். அது வேறு தொல்லை.

தலை ஸ்கான் சரியென்று வந்து வேலைக்குத் திரும்பியபின், அவர் மருந்தைப் பார்த்துச் சொல்லும்வரைக்கும் இப்படிச் செய்யுங்கள். இரவு வேலைக்கு ஒரு நேரச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள், நடுச்சாமத்தில் சாப்பிடுங்கள். காலையில் சைக்கிள் ஏறுமுன் இரண்டு பிஸ்கட்டோ, ஒரு துண்டுப் பாணோ, ஒரு வாழைப்பழமோ வயிற்றுக்குள் போகட்டும். சீனி பார்க்கும் சிறிய கருவி ஒன்றை மகனிடம் கேளுங்கள். ஸ்கூட்டரைவிட மிகக் குறைந்த செலவு, உங்களுக்கு அதைவிடப் பயன். சைக்கிள் ஏறுமுன் அது 90க்குக் (mg/dL கணக்கில்) கீழே காட்டினால் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். சீனி ஏறியபின் ஏதாவது சாப்பிடுங்கள். சீனி ஏறிவிட்டாலும் மூளை பழைய நிலைக்கு வர முக்கால் மணி நேரமாவது வேண்டும். அதற்குப் பிறகே மிதியுங்கள். சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் பக்கெட்டோ இனிப்போ இருக்கட்டும். வீதியில் வியர்த்துப் பதறினால் இறங்கி ஓரத்தில் இருந்து அதைச் சாப்பிடுங்கள். வீடு கிட்டத்தானே என்று மட்டும் நினைக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை விரதத்தை விடச் சொல்லவில்லை. பத்திரகாளி அம்மனைக் கும்பிட்டுவிட்டு இரவில் பாலும் பழமும் எடுத்தால் விரதம் கெடுவதில்லை. ஆனால் விரத நாளில் கிளிக்லசைட்டை எப்படி எடுப்பது என்று கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நித்திரையை மனத்தால் வெல்ல முடியாது

விடியற்காலை இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவே மனித உடம்பு ஆழமாக உறங்கக் கேட்கும் நேரம். அந்த நேரம் முழுக்க விழித்திருந்துவிட்டுச் சைக்கிள் ஏறுகிறீர்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைக்கும் கண்ணுக்கும் வரும் தாமதம், மது அருந்தி இரத்தத்தில் 0.05 வீதம் ஏறியவரின் தாமதத்துக்குச் சமம் என்று பரிசோதித்துக் கண்டிருக்கிறார்கள். நீங்கள் பகலில் ஒன்பது மணிக்குப் படுத்துப் பன்னிரண்டுக்கு எழும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். மத்தியானம் எழும்பியவர் மறுநாள் காலை ஆறு மணிக்குச் சைக்கிள் ஏறினால், அது பதினெட்டாவது மணி.

இந்த நிலையில் கண் திறந்தபடியே மூன்று நான்கு விநாடி உறங்கிவிடுவது உண்டு. உறங்கியவருக்கே அது தெரியாது. மெதுவாக, மணிக்கு 15 கிலோமீற்றரில் மிதித்தாலும் ஒரு விநாடிக்கு நாலு மீற்றர் போய்விடும். நாலு விநாடியில் 16 மீற்றர். நிறுத்தியிருந்த லொறியை நீங்கள் காணாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அதன்மேல் பிரிட்டனும் சேர்ந்திருக்கிறது. குளோர்பெனிரமைன் என்ற அந்த மருந்து இரவில் போட்டால் காலையிலும் மந்தமாக்கும். உங்கள் வயதில் இன்னும் நீடிக்கும். தும்மலுக்குத் தூக்கம் குறைவாகத் தரும் லோரட்டடின், பெக்சோபெனடின் போன்ற குளிசைகள் இருக்கின்றன. வைத்தியரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இனி வேலை இரவில் பிரிட்டன் வேண்டவே வேண்டாம்.

வெற்றிலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பாக்கு கொஞ்சம் உசார் தருவது உண்மை. ஆனால் இரவு முழுக்கக் கன்னத்தில் ஒதுக்கிய பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவருகின்றன. நம் நாட்டு ஆண்களில் அதிகம் காணப்படும் புற்றுநோய் அதுதான். வாய் திறக்க இறுக்கமாக இருக்கிறதா, உள்ளே வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். இருந்தால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

நித்திரைக்கு மருந்து நித்திரைதான். வேலை முடிந்ததும் ஒரு தேநீர் குடித்துவிட்டு, ஹோட்டலின் ஓர் ஓரத்தில் இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். எழும்பி முகம் கழுவி, பத்துப் பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு ஏறுங்கள். தேநீர் வேலை செய்யத் தொடங்குவதற்கும் அவ்வளவு நேரம் எடுக்கும். பகல் நித்திரையை ஏழு மணி நேரமாக்குங்கள். ஒரே முட்டில் முடியாவிட்டால் காலையில் ஐந்து, மாலையில் இரண்டு. பகலில் படுத்தால் அயலவர் சோம்பேறி என்று நினைப்பார்கள் என்ற கூச்சம் நம் ஆட்களிடம் நிறைய இருக்கிறது. இரவு பன்னிரண்டு மணி நேரம் பிறர் உடைமையைக் காத்தவர் பகலில் உறங்குவது அவர் உரிமை. யன்னலுக்குத் தடித்த துணி போடுங்கள். பகலில் உங்களை எழுப்பாமல் இருக்க வீட்டாரிடம் சொல்லுங்கள். மகள், அப்பா உரக்கக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று திணறி எழும்புகிறாரா என்றும் பாருங்கள். அப்படியென்றால் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

கண்ணும் காலும்

லொறியைக் காணாததற்கு இன்னொரு காரணம் கண்ணாக இருக்கலாம். நிலாவெளியிலிருந்து உப்புவெளிக்கு வரும்போது கடல் இடப்பக்கம். விடிந்ததும் வெயில் அந்தப் பக்கமிருந்து படுக்கையாக வந்து கண்ணில் அடிக்கும். கண்ணில் வெண்புரை தொடங்கியிருந்தால் அந்த வெயில் உள்ளே சிதறி, நிழலில் நிற்கும் எதையும் மறைத்துவிடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு வெண்புரை முன்கூட்டியே வரும். விழித்திரையும் வலியில்லாமல் கெடும். வருடத்துக்கு ஒருமுறை கண்ணின் உட்புறத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அதற்கு மருந்துத் துளி விடுவார்கள். பல மணி நேரம் கண் மங்கும். கண் கிளினிக்குக்கும் பஸ்ஸில் போங்கள். கறுப்புக் கண்ணாடி போடுவதைவிட முன்விளிம்பு உள்ள தொப்பி நல்லது. கண்ணாடி இருட்டையும் சேர்த்துக் கூட்டிவிடும்.

கால் மரத்துப்போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்பது வருட நீரிழிவில் அது இருக்கக்கூடும். மரத்த கால் மிதியிலிருந்து வழுக்குவது தெரியாது. மிதியின் பல் கிழித்தாலும் தெரியாது. றப்பர் செருப்போடு ஓட்டாமல் குதியைப் பிடிக்கும் சப்பாத்துப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள்.

வீதியில்

வலப்பக்கமாக வருவதை இன்றோடு நிறுத்துங்கள். நடப்பவருக்கு எதிர்வரும் வாகனத்தைப் பார்த்தபடி போவது நல்லது. சைக்கிளுக்கு அது ஆபத்து. மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் வான், 15இல் போகும் உங்களுக்குப் பின்னால் வந்தால் நெருங்கும் வேகம் 45. எதிரே வந்தால் 75. சாரதிக்கு உங்களைக் கண்டு முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஒழுங்கையிலிருந்து வீதிக்கு ஏறும் ஓட்டோக்காரரும் வாகனம் வரும் பக்கத்தைத்தான் பார்ப்பார். நீங்கள் வரும் பக்கத்தைப் பார்க்கமாட்டார். சட்டமும் இடப்பக்கத்தைத்தான் சொல்கிறது. விபத்து நடந்தால் பிழை முழுக்க உங்கள் தலையில் விழும்.

இடப்பக்கத்தில் போகும்போது தாரின் விளிம்பை ஒட்டிப் போகாதீர்கள். விளிம்பில் மணல் இருக்கும், தார் உடைந்திருக்கும், சில்லு இறங்கினால் மறுபடி ஏற்றும்போது சாய்ந்துவிடும். ஒரு முழமாவது உள்ளே, நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். நிற்கும் வாகனம் தெரிந்தால் நெருங்கிப் போய்ச் சட்டென்று வெட்டாதீர்கள். தூரத்திலேயே பின்னால் திரும்பிப் பார்த்து, கையைக் காட்டி, கதவு திறந்தாலும் படாத தூரத்தில் விலகிப் போங்கள். பஸ் நிற்கும்போது அதன் இடப்பக்கமாகப் புகுந்து போகவே வேண்டாம். இறங்குபவர் மேல் மோதலாம். பஸ் ஓரம் கட்டினால் சாரதிக்கு நீங்கள் தெரியவும் மாட்டீர்கள்.

காதில் பாட்டு வேண்டாம். சைக்கிளுக்குப் பின்னால் பார்க்கும் கண்ணாடி உங்கள் காதுதான். பின்னால் வருவது பஸ்ஸா, மோட்டார் சைக்கிளா, வேகம் குறைக்கிறதா என்பதை அது சொல்லிக்கொண்டே இருக்கும். பாட்டு நித்திரையைத் தடுப்பதும் இல்லை.

மேற்குப் பக்கமிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் இன்னொன்றைக் கவனியுங்கள். மாலையில் வேலைக்குப் போகும்போது காற்று இடப்பக்கமிருந்து வந்து உங்களை வீதியின் நடுவுக்குத் தள்ளும். வீட்டுக்குத் திரும்பும்போது அது வலப்பக்கம். காற்றுக்கு எதிராகச் சாய்ந்து மிதிப்பீர்கள். அப்போது ஒரு பஸ் முந்தினால் அது காற்றை மறைத்துவிடும், நீங்கள் பஸ் பக்கமாகவே சாய்வீர்கள். இரைச்சல் கேட்டதும் இரண்டு கையாலும் பிடித்து, மிதிப்பதை நிறுத்தி, அது போகும்வரை நேராக விடுங்கள். மார்கழி மழையில் பிரேக் கட்டை நனைந்திருக்கும். நிற்க இரண்டு மடங்கு தூரம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டைனமோ லைற் நீங்கள் நின்றால் அணைந்துவிடும். பின்னால் பற்றரியில் எரியும் சிவப்பு லைற் ஒன்றும், கணுக்காலில் ஒளி தெறிக்கும் பட்டியும் போடுங்கள். ஏறி இறங்கும் காலில் பட்டி மின்னினால் போவது ஓர் ஆள் என்பது சாரதிக்குத் தூரத்திலேயே புரியும். மாடும் நாயும் சூடு தேடி அந்த வீதியில் படுத்திருக்கும். உங்கள் முன் லைற் அவற்றுக்காகத்தான். ஏற்கெனவே அடிபட்ட தலைக்கு ஒரு சைக்கிள் தலைக்கவசமும் வேண்டும். இரண்டாவது அடி முதலாவதைப் போல விட்டுவைக்காமல் போகலாம்.

வேலையா, ஸ்கூட்டரா?

மகனின் அன்பு புரிகிறது. ஆனால் சீனி குறைந்தோ கண் சொருகியோ போகும் நிலையில் ஒருவரை மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஏற்றிவிடுவது இப்போது இருப்பதைவிட மோசம். மருந்து, நித்திரை, கண் மூன்றும் சரியானபின் அதைப் பேசுங்கள். உடனே வேலையை விடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. மாதச் சம்பளமும், கைகால் அசைவும், நாலு பேரோடு பழக்கமும் உங்களுக்கு மருந்தின் பாதி. சைக்கிள் மிதிப்பதும் நீரிழிவுக்கு நல்லதே. நான் சொல்வது இதுதான்: தலை ஸ்கான் சரியென்று வந்தபின், முதல் ஒரு மாதம் மாலையில் போவதும் காலையில் வருவதும் பஸ்ஸிலேயே இருக்கட்டும், சைக்கிள் வீட்டிலேயே நிற்கட்டும். அந்த மாதத்தில் முகாமையாளரிடம் இரண்டு கேளுங்கள். ஒன்று, பகல் முறை கிடைக்குமா? இல்லாவிட்டால் காலையில் படுத்தெழும்ப ஓர் இடமும் அரை மணி நேரமும். நீரிழிவு இருப்பதைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். இரவில் நீங்கள் வியர்த்துப் பதறினால் சீனித் தண்ணீர் கொடுக்க வேண்டும், நினைவில்லாமல் விழுந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990க்கு அழைக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். கூட வேலை பார்ப்பவரிடமாவது சொல்லிவையுங்கள்.

லொறி விபத்தில் முழுப் பிழையும் என்னுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். லைற் இல்லாமல் வீதியில் நிறுத்தியிருந்தால் பிழை அவர்களிடமும் உண்டு. வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்துக்கும் நட்டஈடு கேட்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. அதனால் வைத்தியசாலையில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். “வீட்டில் விழுந்தேன்” என்று மாற்றிச் சொல்ல வேண்டாம். அட்டையைப் பத்திரப்படுத்திவிட்டு, தொழில் திணைக்கள அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மகள், உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அப்பா கிளினிக்கில் “எல்லாம் நல்லம்” என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார். அடுத்த முறை நீங்களும் கூடப் போங்கள். இரவு வேலை, வெள்ளி விரதம், பாலத்தடியில் பதறியது, பிரிட்டன், கண், கால் எல்லாவற்றையும் கிளினிக் கொப்பிக்குள் ஒரு தாளில் எழுதிவைத்து வைத்தியர் முன் வையுங்கள். மருந்து மாறியபின் முதல் இரண்டு கிழமையும் வேலைக்குப் போகுமுன்னும் வந்தபின்னும் சீனியைப் பார்த்து அதே கொப்பியில் திகதியோடு குறியுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் அவர் அடுத்த அளவை எழுதுவார்.